கடைசி புத்தகத்துல கல்யாணம் அப்பாவுக்குத்தான்

எடிட்டர் சாருக்கு வணக்கம்.

உங்க பேப்பர இருபது வருஷத்துக்கு மேல வாங்குறேன், லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவ. பேனா பிடிச்சு எழுதல, பொண்ணோட லேப்டாப்புல டைப் பண்றேன், அதனால பேசுற மாதிரியேதான் வருது, திருத்தணும்னா திருத்திக்கோங்க.

போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதத்துல ஒரு பெரியவர் எழுதியிருந்தார். பிளஸ் டூ பொண்ணுங்க கையில இப்பல்லாம் இங்கிலீஷ் லவ் நாவல்தான் இருக்கு, அதுவும் ஒண்ணோட விடுறதில்ல, மூணு பாகம் நாலு பாகம்னு வருது, எத்தன பாகம் வந்தா என்ன, கடைசியில அந்தப் பையனத்தான் கட்டிக்கப் போறா, இதுக்கு எதுக்கு ஆயிரம் பக்கம்னு. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கத்த நாலா மடிச்சு காபி டம்ளர் பக்கத்துல வச்சிட்டு ஒண்ணும் சொல்லாம குளிக்கப் போயிட்டார். ஏன்னா அவர் சொல்ற மாதிரி ஒரு சீரிஸ் எங்க வீட்லயே இருக்கு, மூணு பாகமும் இருக்கு, மூணையும் என் பொண்ணு மட்டும் இல்ல நானும் படிச்சிருக்கேன்னு அவருக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர் மேல எனக்குக் கோவம் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அதேதான் சொல்லியிருப்பேன். பிசிக்ஸ் கைடுக்கு அடியில கலர் அட்டைல ஒரு புத்தகம் கிடந்துச்சு, எடுத்துப் பாத்தா அட்டைல ஒரு பொண்ணு, தலைப்புல லவ். பரிட்சைக்கு நாப்பது நாள் இருக்கு, சாமி ஆடிட்டேன். அவ நிதானமா, "ம்மா, நீ படிச்சிட்டுத் திட்டு, படிக்காம திட்டாத"ன்னு சொல்லிட்டு கைட எடுத்துட்டு மாடிக்குப் போயிட்டா. சரி, திட்டுறதுக்காகவாவது படிப்போம்னுதான் ஆரம்பிச்சேன். என் இங்கிலீஷ் ஆபீஸ் சர்க்குலர் படிக்கிற அளவுக்குத்தான், ஆனா இந்த புத்தகங்களுக்கு அது போதும், டிக்‌ஷனரி அதிகமா தேவைப்படல.

எழுதினது ஜென்னி ஹான்னு ஒரு அம்மா, கொரிய வம்சாவளி அமெரிக்கர். 2014ல 'டு ஆல் தி பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்', 2015ல 'பி.எஸ். ஐ ஸ்டில் லவ் யூ'. ரெண்டோட முடிக்கிறதாத்தான் இருந்தாங்களாம், அப்புறம் மனசு கேக்காம 2017 மே மாசம் மூணாவதா 'ஆல்வேஸ் அண்ட் ஃபாரெவர், லாரா ஜீன்' வந்துச்சு. நான் பேச வந்தது இந்தக் கடைசி புத்தகத்தப் பத்தி மட்டும்தான். முதல் ரெண்டும் நல்லா ஓடும், சிரிப்பு வரும், அவ்வளவுதான், அதுக்காக நான் லெட்டர் எழுத மாட்டேன்.

படிக்காதவங்களுக்காக கதைய வேகமா சொல்லிடறேன். லாரா ஜீன் அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலம், சார்லட்ஸ்வில்ங்கற ஊர்ப் பொண்ணு. அப்பா வெள்ளக்காரர், பிரசவ டாக்டர். அம்மா கொரியன், பிள்ளைங்க சின்னதா இருக்கும்போதே வீட்ல வழுக்கி விழுந்து தலையில அடிபட்டு இறந்துட்டாங்க. அக்கா மார்கோ, தங்கச்சி கிட்டி. இந்தப் பொண்ணு தனக்குப் பிடிச்ச பசங்களுக்கு லெட்டர் எழுதி அனுப்பாம ஒரு தொப்பிப் பொட்டியில போட்டு வச்சிருப்பா, மொத்தம் அஞ்சு லெட்டர், மனசுலேர்ந்து அவங்கள இறக்கி வைக்கிறதுக்காக எழுதினது. வாலு தங்கச்சி அதையெல்லாம் ஸ்டாம்ப் ஒட்டி போஸ்ட் பண்ணிடுவா. அதுல ஒரு லெட்டர் பீட்டர் கவின்ஸ்கிங்கற பையனுக்குப் போகும், ரெண்டு பேரும் ஆளுக்கொரு காரணத்துக்காக லவ் பண்ற மாதிரி நடிக்கலாம்னு அக்ரிமெண்ட் போட்டு எழுதிப்பாங்க, நடிப்பு நெசமாயிடும். இது முதல் பாகம். ரெண்டாவதுல ஜான் ஆம்ப்ரோஸ்னு இன்னொரு பையன் வந்து நிப்பான் (என் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் அவன் கட்சிதான், அது வேற சண்ட).

மூணாவதுல வில்லன் கிடையாது சார், போட்டிக்கு வேற பொண்ணும் இல்ல. வர்றது காலேஜ் அட்மிஷன்.

லாரா ஜீனோட திட்டம் ரொம்ப சிம்பிள். சொந்த ஊர்லயே யுனிவர்சிட்டி ஆஃப் வர்ஜீனியா இருக்கு, 1819ல தாமஸ் ஜெஃபர்சன் ஆரம்பிச்சது, அமெரிக்காவுல கவர்ன்மெண்ட் யுனிவர்சிட்டிகள்ல பெரிய பேரு. பீட்டருக்கு அங்க லாக்ரோஸ் ஸ்காலர்ஷிப் கிடைச்சிடுச்சு. லாக்ரோஸ்னா கம்பு நுனியில வலை கட்டி பந்த அள்ளி வீசுற விளையாட்டு, அந்த யுனிவர்சிட்டி அதுல பெரிய கை, நாவல் வந்தப்புறம் 2019லயும் 2021லயும் நேஷனல் சாம்பியன். இவளும் அங்கயே சேந்துட்டா அப்பாவையும் தங்கச்சியையும் விட்டுப் போக வேண்டாம், பீட்டரயும் விட வேண்டாம், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து கேக் சுடலாம். எல்லாத்தையும் மனசுல கட்டி முடிச்சி பால் காய்ச்சுறது மட்டும்தான் பாக்கி. நல்ல மார்க், உள்ளூர்ப் பொண்ணு, அந்த யுனிவர்சிட்டியில மூணுல ரெண்டு பங்கு சீட்டு வர்ஜீனியா பிள்ளைங்களுக்குத்தான் போகுது, கிடைக்காம இருக்குமான்னு ஊரே நினைக்குது.

கிடைக்கல.

இந்த இடத்துல நான் புத்தகத்த மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஏன்னா அந்த அம்மா இதப் பெரிய சோகமா எழுதல. மழ இல்ல, பாத்ரூம் கதவச் சாத்திட்டு கத்தல் இல்ல. இவ சேருவான்னு எல்லாரும் நம்பிட்டாங்கல்ல, இப்ப ஒவ்வொருத்தர் கிட்டயா போயி இல்லன்னு சொல்லணும், அந்தக் கூச்சம்தான் அவளப் போட்டு வாட்டுது. இந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். எங்க தெருவுல ரிசல்ட் வந்த அன்னிக்கு ஒரு பையன் சாயங்காலம் வரைக்கும் மொட்ட மாடிய விட்டு இறங்கல. மார்க் கொறஞ்சதுக்காக இல்ல, கீழ இறங்குனா என்னாச்சுன்னு நாலு பேர் கேப்பாங்கன்னு.

அப்புறம் அவ என்ன பண்றாங்கறதுதான் கதை. வில்லியம் அண்ட் மேரினு இன்னொரு காலேஜ், 1693ல ஆரம்பிச்சது, ரெண்டு மணி நேர தூரம், அங்க இடம் கிடைக்குது. சரி, ஒரு வருஷம் அங்க ஓட்டிட்டு அடுத்த வருஷம் டிரான்ஸ்ஃபர் வாங்கி சொந்த ஊருக்கே வந்துடலாம்னு பழைய திட்டத்துக்கே ஒட்டுத் துணி வச்சுத் தைக்கிறா. அந்த ஊர்ல மே 1ஆம் தேதிக்குள்ள ஒரு காலேஜுக்கு அட்வான்ஸ் கட்டி உறுதி பண்ணிடணும், கட்டிடறா. ஆனா பக்கத்து மாநிலத்துல யுனிவர்சிட்டி ஆஃப் நார்த் கரோலினா, சேப்பல் ஹில்ங்கற ஊர்ல, அங்க இவ வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கா. நம்ம இன்ஜினியரிங் கவுன்சலிங்ல 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு' குடுத்துட்டு உக்காந்திருப்பாங்கள்ல, கையில ஒரு சீட்டு, மனசு மேல இருக்குற சீட்டுல, கிட்டத்தட்ட அந்த நிலம. வித்தியாசம் என்னன்னா இவ மனசு முதல்ல மேல இல்ல, அந்த லிஸ்ட்டயே கண்டுக்கல. திடீர்னு அங்கேருந்து சீட்டு வந்துடுது.

நான் ஆர்வத்துல தேடிப் பாத்தேன், நார்த் கரோலினாவுல முதல் வருஷ சேர்க்கையில வெளி மாநிலப் பிள்ளைங்க 18 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு இந்த நாவல் வந்த சமயத்துல ரூல் வச்சிருந்தாங்க. வர்ஜீனியாக்காரி, அதுவும் வெயிட்டிங் லிஸ்ட்லேர்ந்து உள்ள போறதுன்னா லேசுப்பட்ட விஷயம் இல்ல. சொந்த ஊர் யுனிவர்சிட்டி வேண்டாம்னுச்சு, அடுத்த மாநிலம் வான்னுது. (ஜென்னி ஹான் வர்ஜீனியாவுல ரிச்மண்ட்ல பிறந்தவங்க, படிச்சது சேப்பல் ஹில். அதான் அந்த காலேஜ சொல்ற இடத்துல மட்டும் எழுத்துல ஒரு தனி குஷி.) ஃபிரெண்டு கிறிஸ் கூட அங்க ஒரு நாள் போறா, போயி சுத்திப் பாத்தவுடனே அவளுக்கு ஒரு பயம் புடிக்குது. இங்க எனக்குப் பிடிச்சிருக்கேன்னு பயம்! இந்த பயத்த ஒரு சின்னப் பொண்ணுக்கு வச்சு எழுதினதுக்கே அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறைச்சுதுன்னா, 1996ல எனக்கு திருச்சியில ஒரு காலேஜுல பி.எஸ்.ஸி. சீட்டும் ஹாஸ்டலும் கிடைச்சது. பஸ்ல மூணு மணி நேரம் கூட ஆகாது. தாத்தா திண்ணையில உக்காந்து வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னார், அவ்வளவுதான், உள்ளூர்லயே சேந்தேன். லவ்வும் கிடையாது ஒண்ணும் கிடையாது, தூரம்தான் பிரச்சன. நல்லாத்தான் படிச்சேன், நல்லாத்தான் இருக்கேன், அந்த ஹாஸ்டல் அட்மிஷன் கார்டு மட்டும் ரொம்ப நாள் பீரோவுல ரேஷன் கார்டு கவர்ல கிடந்துச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். முதல் பாகம் தொடங்கறப்ப அக்கா மார்கோ ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டிக்குக் கிளம்புவா, கிளம்பறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு ஜோஷ வேண்டாம்னு சொல்லிடுவா, ரெண்டு வருஷப் பழக்கம். ஏன்னா இறந்துபோன அம்மா ஒரு தடவ சொல்லியிருக்காங்க, காலேஜுக்குப் போறப்ப பாய்ஃப்ரெண்டோட போகாதன்னு. செத்துப்போன அம்மா சொன்னது, யாரு எதுத்துப் பேச முடியும். வீட்ல கோல்டு நகை மாதிரி அந்த வார்த்தைய மூத்தவ வாங்கிக்கிட்டா. மூணாவது பாகத்துல அதே வார்த்த நடுவுள்ளவ கிட்ட வந்து நிக்குது. அம்மா பேச்சக் கேக்கணுமா வேண்டாமா. அம்மாவ நேர்ல கேக்கவும் முடியாது, எந்த அர்த்தத்துல சொன்னீங்க, எல்லாருக்குமா, அக்காவுக்கு மட்டுமான்னு. ஆயிரம் பக்கம் எதுக்குன்னு கேட்டாரே அந்தப் பெரியவர், முதல் பாகத்துல விதச்சத மூணாவது பாகத்துல அறுக்கணும்னா நடுவுல பக்கம் வேணும் சார்.

அதுக்கு நடுவுல பீட்டர் ஒண்ணு பண்றான். நீ சேப்பல் ஹில் போ, ஒரு வருஷம் கழிச்சு நான் அங்க மாத்திக்கிட்டு வந்துடறேங்கறான். கேக்க நல்லாத்தான் இருக்கு, நம்ம சினிமாவா இருந்தா இங்க பாட்டு வரும். அவன் அம்மா, ஒரு பழைய பொருள் கட வச்சிருக்காங்க, புருஷன் விட்டுட்டுப் போயி தனியா ரெண்டு பசங்கள வளத்தவங்க, லாரா ஜீனத் தனியாப் பாத்து பேசுறாங்க. என் பையன் உனக்காக ஸ்காலர்ஷிப்ப விடப் பாக்குறான், அவன விட்டுடும்மாங்கற மாதிரி.

உண்மையச் சொல்றேன், முதல் தடவ படிச்சப்ப நான் அந்த அம்மா பக்கம்தான். பையன் படிப்பும் ஸ்காலர்ஷிப்பும் போகுதுன்னா எந்தத் தாய் சும்மா இருப்பா. ரெண்டாவது தடவ படிச்சப்ப தோணுச்சு, இந்தப் பேச்ச பையன் கிட்டல்ல பேசணும், ஏன் பொண்ணு கிட்ட பேசுறாங்க? ஏன்னா பொண்ணு கேட்டுக்குவா. எல்லா ஊர்லயும் இப்படித்தான் போல. விட்டுக்குடுக்கச் சொல்லணும்னா, யாரு விட்டுக்குடுப்பாங்கன்னு பாத்து அங்க போயி சொல்றது. அவளும் கேட்டுக்கிட்டு பிரிஞ்சிடறா. இதப் பத்தி நானும் என் பொண்ணும் துணி மடிச்சிக்கிட்டே ஒரு மணி நேரம் சண்ட போட்டிருக்கோம், அவ கிட்ட இப்படி ஒரு மணி நேரம் பேசி எவ்வளவு நாள் ஆச்சுன்னு அப்புறம்தான் நெனச்சேன்.

இன்னொண்ணு, அந்தப் பெரியவர் கல்யாணத்துல முடியும்னாரே, இதுல கல்யாணம் இருக்கு சார். அப்பாவுக்கு! டாக்டர் கவி எதிர்வீட்டு ட்ரினாவ கட்டிக்கிறார். கடக்குட்டி கிட்டிதான் இதுக்கு தரகர் மாதிரி, ரெண்டாம் பாகத்துலயே வேலைய ஆரம்பிச்சிருப்பா, கல்யாணத்துக்கு கவுன் போட மாட்டேன் ஆம்பளைங்க போடுற மாதிரி கோட் சூட்தான்னு அடம் வேற. நம்ம சீரியல்ல சித்தின்னு ஒருத்தி வந்தாலே பேக்ரவுண்டுல இடி இடிக்கும், இங்க அந்தப் பொம்பள பாவம் நல்லவங்களாத்தான் இருக்காங்க, ஆனா மூத்தவ மார்கோவுக்கு மட்டும் ஒட்டல. அவ தூர ஊர்லேர்ந்து லீவுக்கு வர்றவ, ஒவ்வொரு தடவ வரும்போதும் வீடு கொஞ்சம் மாறியிருக்கு, இது அம்மா இருந்த வீடு இல்லையோன்னு அவளுக்குள்ள ஒரு நெருடல். இது யார் தப்பும் இல்ல. யாரையும் கெட்டவங்களாக்காம ஒரு வீட்டுக்குள்ள மனஸ்தாபத்த எழுதறது அவ்வளவு சுலபமில்ல. (இந்த மார்கோ கூடப் படிக்கிற ரவின்னு ஒரு பையனோட பழகுவா. இத்தன பீட்டர் ஜானுக்கு நடுவுல ரவின்னு படிச்சதும் நான் நிமிந்து உக்காந்தேன்.)

லாரா ஜீன் கல்யாணம்? இல்ல. நிச்சயம் கூட இல்ல. இதே ஜென்னி ஹானோட முந்தின சீரிஸ் 'தி சம்மர் ஐ டர்ன்ட் ப்ரெட்டி'ன்னு ஒண்ணு இருக்கு, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு பொண்ணு, அதோட கடைசி பாகம் 2011ல வந்தது, அதுல கடைசியில அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும். 2025 செப்டம்பர்ல அது சீரியலா முடிஞ்சப்ப அண்ணனா தம்பியான்னு என் பொண்ணு வாட்ஸ்அப் குரூப் ரெண்டா ஒடைஞ்சு போச்சு. அந்தப் பெரியவர் அதப் பத்தி சொல்லியிருந்தா நான் வாய மூடிட்டிருப்பேன். அதே கை ஆறு வருஷம் கழிச்சு எழுதுறப்ப கல்யாணத்த அப்பாவுக்குக் குடுத்துட்டு பொண்ண காலேஜுக்கு அனுப்பிச்சிருக்கு.

முடிவ சொல்லலாமா தெரியல, சொல்லிடறேன், புத்தகம் வந்து இத்தன வருஷம் ஆச்சு. பிரிஞ்சவங்க மறுபடி சேருவாங்க, ஆனா அவன் காலேஜ் மாறல, இவளும் சேப்பல் ஹில்ல விடல. பள்ளிக்கூடம் முடியறப்ப குடுக்குற இயர்புக்ல அவன் எழுதிக் குடுக்குறான், முதல் பாகத்துல பொய்யா ஒரு அக்ரிமெண்ட் போட்டாங்கள்ல, அதே மாதிரி மறுபடி ஒண்ணு, இது நெசம். அவ்வளவுதான். தூரத்துல இருந்தா நிலைக்குமா நிலைக்காதான்னு ஜென்னி ஹான் சொல்லவே இல்ல. அம்மா சொன்ன வார்த்தைய இவ மீறினாளா? பாய்ஃப்ரெண்டோடதான் போறா. கேட்டாளா? தனக்குப் பிடிச்ச ஊருக்குத்தான் போறா, அவனுக்காக ஊர மாத்தல. ஒருவேள அம்மா அதத்தான் சொல்ல வந்திருப்பாங்களோன்னு நமக்குத் தோணும், புத்தகம் அத வாய் திறந்து சொல்லாது.

இதுல சினிமா பண்ணின வேலைய சொல்லணும். மூணு பாகமும் நெட்ஃப்ளிக்ஸ்ல படமா வந்துச்சு, மூணாவது 2021 பிப்ரவரி 12. அதுல ஊரயே மாத்திட்டாங்க, பையன் கலிஃபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்டு, பொண்ணு அந்தக் கோடியில நியூயார்க் யுனிவர்சிட்டி, நடுவுல மூவாயிரம் மைல். பெரிசா இருந்தா உருக்கமா இருக்கும்னு நெனச்சிருப்பாங்க. எனக்கென்னமோ புத்தகத்துல சார்லட்ஸ்வில்லுக்கும் சேப்பல் ஹில்லுக்கும் நடுவுல இருக்குற மூணு மணி நேரம்தான் சரி. மூவாயிரம் மைல்னா முடியாதுன்னு தெரியும், அழுதுட்டு அவங்கவங்க வேலையப் பாக்கலாம். மூணு மணி நேரம்னா முடியும்னு தோணும், அதான் ஆபத்து. வெள்ளிக்கிழமை ராத்திரி கார எடுத்தா போயிடலாம், அடுத்த வெள்ளியும் போகலாம், அப்புறம் மாத்திக்கிட்டே வந்துடலாம்னு ஆரம்பிக்கும். கிட்டத்தட்ட நம்ம கும்பகோணத்துலேர்ந்து சென்னை தூரம்தான், என்ன, நம்ம ரோட்டுக்கு ஆறு மணி நேரம். படத்துல எனக்குப் பிடிச்சது ஆரம்பத்துல கொரியாவுக்குப் போறது, சியோல் டவர்ல பூட்டு மாட்டுற இடம். அது நல்லாருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன்.

படத்துல நடிச்ச பொண்ணு லானா காண்டர், வியட்நாம்ல பிறந்தவங்க. ஜென்னி ஹான் 2018ல ஒரு பத்திரிகையில எழுதியிருந்தாங்க, படம் எடுக்கக் கேட்டு வந்த கம்பெனிகள்ல ஒரே ஒரு கம்பெனிதான் கதாநாயகி ஏசியன் பொண்ணாவே இருக்கட்டும்னு ஒத்துக்கிச்சு, அவங்களுக்குத்தான் குடுத்தேன்னு. மத்தவங்களுக்கு வெள்ளக்காரப் பொண்ணுதான் வேணுமாம். வேற வேற வீட்டுப் பிள்ளைங்க தங்களையே அட்டைல பாக்குறதுக்கு இவ்வளவு போராட்டம் இருக்கு, நம்ம வெறும் லவ் கதைன்னு ஒதுக்கி வைக்கிறோம்.

குறை இல்லாம இல்ல. நடுவுல நூறு பக்கம் சவ சவன்னு போகும், கல்யாண ஏற்பாடு, டிரெஸ், பார்ட்டி, கடற்கரைக்கு எல்லாரும் சேந்து ஒரு வாரம் போறது, நான் ஒவ்வொரு ராத்திரியும் நாலு பக்கத்துல தூங்கினேன். காசு பத்திக் கவலையே இல்ல, வெளி மாநிலத்துல படிச்சா அங்க ஃபீஸ் உள்ளூர்க்காரங்கள விட மூணு மடங்குக்கு மேல. அப்பா டாக்டரா இருக்கறதால கதை அந்தப் பக்கம் பெருசா திரும்பிப் பாக்காது. நம்ம வீட்ல முதல் கேள்வியே அதுதானே சார், எவ்வளவு கட்டணும், ஹாஸ்டல் எவ்வளவு. பீட்டர் அம்மா பேசின பேச்சுக்கு அப்புறம் அவங்களுக்கும் லாரா ஜீனுக்கும் நடுவுல ஒரு சீன் வந்திருக்கணும், மனசுக்கு ஆறுதலா எனக்கு அப்படி ஒண்ணும் கிடைக்கல. என் பொண்ணு அதெல்லாம் உனக்குத்தான்மா தேவ, எனக்கு இல்லங்கறா. இருக்கலாம்.

அப்புறம் குக்கி. லாரா ஜீன் புத்தகம் முழுக்க சாக்லேட் சிப் குக்கி சுட்டுக்கிட்டே இருப்பா, இதுதான் உலகத்துலயே சரியான குக்கின்னு ஒண்ணக் கண்டுபிடிக்கணும்னு. நியூயார்க்குக்கு ஸ்கூல் டூர் போனா கூட பேரு போன பேக்கரியத் தேடிக்கிட்டுப் போறா. முதல்ல எனக்கு எரிச்சலா வந்துச்சு, பரிட்சை ரிசல்ட்டு வர்ற நேரத்துல என்னடி இதுன்னு. யோசிச்சப்ப புரிஞ்சது, அவ கையில இருக்கிறது அந்த மாவு ஒண்ணுதான். சீட்டு எவன் கையிலயோ, அப்பா கல்யாணம் அப்பா கையில, பீட்டரு பீட்டர் கையில. சக்கர ஒரு ஸ்பூன் கூட்டினா என்னாகும்னு மட்டும் அவளுக்குத் தெரியும். என் பொண்ணு கவுன்சலிங் ரவுண்டுக்குக் காத்திருந்த வாரம் தெனம் தலகாணி உறையெல்லாம் கழட்டி துவச்சுப் போட்டா, சொல்லாமலே. நாலு நாள் தொடர்ந்து ஒரே உறைய.

அவளுக்குக் கிடைச்சது கேட்ட காலேஜ் இல்ல. கூடவே இருந்த ஃபிரெண்டுக்கு அது கிடைச்சது, இவளுக்கு ரெண்டு ஜில்லா தாண்டி. லிஸ்ட் வந்த ராத்திரி நான் ஏதாவது ஆறுதல் சொல்லணுமேன்னு வாயத் தொறந்தேன், அவ "சேப்பல் ஹில்லும்மா"ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல. எங்க வீட்டுக்காரர் மட்டும் அது என்ன காலேஜ், கவுன்சலிங் லிஸ்ட்ல இல்லையேன்னு போன்ல தேடிக்கிட்டிருந்தார்.

உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும் சார். உங்க ஞாயிறு இணைப்புல புத்தகப் பக்கம் இருக்கு, வாராவாரம் கவித, வரலாறு, கட்டுரைத் தொகுப்புன்னு வருது, வேண்டாம்னு சொல்லல, நானே அதுல பாத்து நாலஞ்சு வாங்கியிருக்கேன். பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைங்க நெசமா எதப் படிக்குதுங்கங்கறத மாசத்துக்கு ஒரு தடவ போடலாமே. அதுங்க கிட்டயே எழுதி வாங்கிப் போடுங்க, பெரியவங்க கிட்ட குடுத்தா பழையபடி புத்திமதியாயிடும். தமிழ்ல இந்த வயசுக்கு என்ன இருக்குன்னு நான் எங்க ஊர் கடைல கேட்டேன், கடக்காரர் ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு ஒரு பக்கம் குட்டிக் கதையக் காட்டினார், இன்னொரு பக்கம் குடும்ப நாவலக் காட்டினார். நடுவுல எதுவும் இல்லையான்னேன். "நடுவுல கைடுதாம்மா"ன்னார்.

இப்படிக்கு,
கும்பகோணத்துலேர்ந்து ஒரு வாசகி

பி.கு.: பெருசா இருக்குன்னு வெட்டுவீங்க, தெரியும். வெட்டறதா இருந்தா சினிமா பாராவ எடுத்துக்கோங்க, மூணு மணி நேரம்னு வர்ற வரிய மட்டும் வச்சுக்கோங்க. அம்மா சொன்ன வார்த்த பத்தி எழுதினதுல கை வைக்காதீங்க. தாத்தா பத்தி எழுதினதப் போட்டா என் பேரப் போடாதீங்க, பெரியப்பா வீட்லயும் உங்க பேப்பர்தான் வாங்குறாங்க.